புண் இல்லாத கைகள்

சுடலைராஜுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வந்தது ஒரு கல்யாண ஜோடியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது. திருவேங்கடம் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே, மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து எதிர்காலத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ட்ரோன் பறந்தது. திரையில், வயல்களுக்கு ஊடே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. சாயப்பட்டறைக் கழிவு ஓடும் ஓடை.

“அண்ணாச்சி, அந்தச் செவப்பு பேக்ரவுண்டுல வர்ற மாதிரி எடுங்க. செமையா இருக்கு” என்றான் மாப்பிள்ளை.

எடுத்தார். செமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கோடு மனசை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் சென்னையில் இரண்டு நாள் பயிலரங்கு. போகும்போது சங்கரன்கோவில் போட்டோகிராபர். திரும்பும்போது சூழலியல் காட்சிக் கதைசொல்லி. கூடவே தாடியும் வந்தது. “ஒவ்வொரு ஃப்ரேமும் பூமியோட வாக்குமூலம்” என்று டீக்கடையில்கூடச் சொன்னார்.

“பூமி வாக்குமூலம் குடுக்கது இருக்கட்டும். அந்தச் சிவகிரிக்காரங்க கல்யாண ஆல்பத்த எப்பக் குடுக்கப் போறிய? பொண்ணுக்கு வளைகாப்பே வந்துட்டு” என்றாள் மனைவி முத்துமீனாள்.

ஓடைக்கரையில்தான் கோமதித்தாயின் முக்கால் ஏக்கர் பிச்சித் தோட்டம். ஐம்பது வயது, புருஷன் இல்லை. ஓடைத் தண்ணீர் ஊறி ஊறிக் கிணறும் நிறம் மாறிவிட்டது. அதில்தான் குளிப்பு, துவைப்பு, பாய்ச்சல் எல்லாம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தோல் வெடித்து, உரிந்து, சீழ் கட்டியிருந்தது. மூன்று வருஷமாகப் பட்டறை மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் விசாரணை என்று ஒன்று வரப்போகிறது.

“காயிதத்த எவனும் படிக்க மாட்டேங்கான். படமா காட்டுனா பாப்பாங்களா தம்பி?”

“பாக்க வைக்கேன்க்கா” என்றார் சுடலைராஜ். அதை உண்மையாகவே சொன்னார்.

தை மாதம் முழுக்க ஆவணப்படம் எடுத்தார். பட்டறை இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த நேரம். கோமதித்தாய் பூப் பறிக்கிறாள், தண்ணீர் இறைக்கிறாள், கடைசியில் இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டுகிறாள். வெயில் பட்டுப் புண் எரிந்தது. அவள் இறக்கவில்லை.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவருடைய கம்ப்யூட்டரில் ‘முகூர்த்தம்’ என்று அவரே பெயர் வைத்த செட்டிங் ஒன்று உண்டு. தட்டினால் பரு போகும், மரு போகும், அம்மைத் தழும்பு போகும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வட்டாரத்தில் எந்த மணப்பெண்ணுக்கும் பரு வந்ததில்லை. எதை ஏற்றினாலும் கை முதலில் அதைத்தான் தட்டும், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல. தட்டியது. ஓடையின் சிவப்பு மட்டும் கொஞ்சம் சோகையாகத் தெரியவே, அதையும் கூட்டிவைத்தார். பார்க்கிறவன் நெஞ்சில் அறைய வேண்டாமா? மாசியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்தன. படம் முடிந்ததும் வழக்கம்போல மூலப் பதிவுகளை அழித்து, மெமரி கார்டுகளைக் காலி செய்துகொண்டார்.

பங்குனியில் கோயம்புத்தூரில் திரைப்பட விழா. பெரிய திரையில் கோமதித்தாய் கைகளை நீட்டியபோதுதான் சுடலைராஜ் பார்த்தார். புண்ணே இல்லை. பிச்சிப்பூ போலக் கை. ‘முகூர்த்தம்’ தட்டியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் நடுவர் மைக்கைப் பிடித்துவிட்டார்: “நோயைக் காட்டாமலே நோயை உணர்த்திய அந்த நிதானம்! அந்த வெறுங்கைகளின் மௌனம்!”

“ஆமாங்க, அது யோசிச்சு எடுத்த முடிவு” என்றார் சுடலைராஜ். கேடயம் கனமாகத்தான் இருந்தது.

ஓடைக் காட்சி போதும், அது காப்பாற்றிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே படத்தை விசாரணையில் சாட்சியமாகக் கொடுத்தார்.

வைகாசியில் விசாரணை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, ஒரு டிவி, கோமதித்தாய். பட்டறையின் வக்கீல் குற்றாலநாதன் படம் முடிந்ததும் கைதட்டினார்.

“அருமை அண்ணாச்சி. எப்ப எடுத்தது?”

“தை மாசம்.”

“அப்ப பட்டறை ஓடுச்சா?”

“ஓடுச்சான்னா கேக்கிய? தண்ணி செக்கச்செவேல்னு வருதுல்லா!”

“சரி. பங்குனி ஒண்ணாந்தேதியிலருந்து குழாய் வேலைக்காகப் பட்டறை பூட்டிக் கெடக்கு. எம்மா, இப்பக் கையக் காட்டுங்க.”

நீட்டினாள். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பட்டறை ஓடும்போது கை சுத்தம். பூட்டுன பெறவு புண்ணு. இது எங்க தண்ணியால வந்ததுன்னு எப்படிங்கய்யா சொல்ல முடியும்? படம் நாங்க எடுத்தது இல்ல. அவங்க குடுத்த சாட்சி.”

“ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்காம்மா?” என்றார் அதிகாரி.

“மெடிக்கல்ல களிம்பு வாங்கித் தடவுனேன்யா.”

சுடலைராஜ் எழுந்தார். “ஐயா, தப்பு எம்மேல. அப்பவே புண்ணு இருந்துச்சு. நான்தான் டச்சப் பண்ணி அழிச்சிட்டேன்.”

“ஒரிஜினலைக் கொண்டாங்க.”

“அதையும் அழிச்சிட்டேன்யா. கல்யாண சீசன்...”

குற்றாலநாதன் மெதுவாகக் கேட்டார், கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல: “கையத் திருத்துனவிய தண்ணிய மட்டும் சும்மாவா விட்டிருப்பிய?”

அதிகாரி பேனாவை மூடினார். “தண்ணி நிறத்தையும் மாத்தினீங்களா?”

“லேசா... செவப்ப மட்டும் கொஞ்சம் கூட்டுனேன்.”

கோமதித்தாய்க்கு நடப்பது புரிந்துவிட்டது. “ஐயா, படம் கெடக்கட்டும். எங் கிணத்துத் தண்ணிய எடுத்துப் பாருங்க.”

“பட்டறை ஓடும்போதுதான் மாதிரி எடுக்கணும்மா. இப்ப எடுத்தா செல்லாது.”

“அப்ப ஓட விடப் போறியளா?”

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார். திருத்தப்பட்ட படத்தைச் சாட்சியமாக ஏற்க இயலாது, மனு தள்ளுபடி, பட்டறையைத் திறக்கத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வெயில். பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தார்கள். நிழல் வந்ததும் கோமதித்தாய் நின்றாள்.

“ஏம்ப்பா, எம் புண்ண எதுக்குப்பா அழிச்ச?”

அசிங்கமாக இருந்தது என்று அவர் அழிக்கவில்லை. பார்க்கவே இல்லை, அதுதான் நிஜம். வாயில் வந்தது வேறு.

“மறுபடியும் எடுப்போம்க்கா. இந்தத் தடவ ஒண்ணும் தொட மாட்டேன். அப்படியே...”

“எடுத்து யாருட்டக் காட்டப்போற?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ரெண்டு மணிக்குக் கரண்டு வந்துரும். தண்ணி பாய்ச்சணும்” என்றபடி திருவேங்கடம் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

“கம்பியப் புடிச்சு வெரசா ஏறும்மா” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டைக் கம்பியில் கொக்கியாக மாட்டி, உடம்பை இழுத்து மேலே ஏற்றிக்கொண்டாள்.