கை நனைத்த வீடு

என் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து எட்டு மாதம் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் பருமன் என்று திருச்சி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வாழைக்காய் பருமனில் என்ன போகும்? முதலில் பருப்போ முட்டை வெள்ளையோ, அதற்குப் பிறகும் இடம் இருந்தால் மூன்று ஸ்பூன் சோறு. நாலாவது ஸ்பூன் நெஞ்சிலேயே நின்றுவிடும். தண்ணீரும் சோறும் ஒன்றாகப் போகக்கூடாது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே குடிப்பதை நிறுத்த வேண்டும். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி டம்ளரைத் தொட வேண்டும், அதையும் ஒவ்வொரு மடக்காக. இனிப்பு ஆகவே ஆகாது. ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்ல வேண்டும்.

"மாடுகூட இவ்வளவு நேரம் அசை போடாதும்மா" என்றேன், அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் ஃபிளோராவிடம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே மெல்லுங்க. பழகிடும்" என்றாள்.

பழகவில்லை. வலங்கைமான் பக்கத்தில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, ஐம்பத்திரண்டு வருஷம் சோற்றிலேயே வளர்ந்த உடம்பு இது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று தட்டை நிரப்பிக்கொண்டவள் இப்போது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். பசி வயிற்றில் இல்லை, வாயில் இருக்கிறது. அதை எந்த டாக்டராலும் வெட்ட முடியவில்லை.

அழகுக்காகச் செய்துகொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டாக்டரிடம் முழங்கால் வலி என்றேன், சர்க்கரை என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உண்மைக் காரணம் என் மகள் கயல்விழி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குடவாசலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது நான் நூற்றுப் பதினாலு கிலோ. காபி கொடுக்க எழுந்தேன். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இன்னிக்கு இப்படி இருக்கு பொண்ணு. நாளைக்கு?"

அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயின. கயல் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது இருபத்தேழு. கொஞ்சம் பூசின உடம்பு, அவ்வளவுதான். அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது என் உடம்பு. அதைத்தான் வெட்டச் சொன்னேன்.

ஆனியில் ஆபரேஷன். தைக்குள் எழுபத்திரண்டு கிலோவுக்கு இறங்கினேன். தொப்பையோடு முகமும் போயிற்று. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஜாக்கெட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தும் ஊக்கு குத்தவேண்டியிருந்தது. குண்டாக இருந்தபோது கேலி பேசியவர்கள் இப்போது குரலைத் தாழ்த்தி, "எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்தாச்சா சாவித்திரி?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். அந்த வியாதி என்பார்கள். அவர்கள் பார்வையிலேயே அந்தப் பெயர் இருந்தது.

எனக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் கயல் சாப்பிடுவதைப் பார்ப்பது. ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளுக்குச் சோறு வேண்டும். பலகாரம் எல்லாம் அவளுக்கு ஆகாது. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தால் தட்டை வழித்துவிட்டுத்தான் நிமிர்வாள். நான் எதிரே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருப்பேன். "போதும்மா, உன் பங்கையும் சேத்து என் தலையில கட்டுறே" என்பாள். உண்மைதான். அவள் விழுங்கும்போது எனக்குத் தொண்டையில் இறங்கியது.

தை மாதம் என் நாத்தனார் பிரகதீஸ்வரி பேராவூரணியிலிருந்து ஓர் இடம் கொண்டுவந்தாள். பையன் பெயர் ராம்கி. தென்னந்தோப்பு இருக்கிற குடும்பம். ஓசூரில் வேலை. வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பையனும் கயலும் ஃபோனில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அடுப்படியில் நின்றிருந்தபோது உள் அறையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தனியாக, விட்டு விட்டு, அடக்க முடியாத சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இந்த இடம் தவறக்கூடாது என்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

மாசியில் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம். சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டோம். காபி, தண்ணீரெல்லாம் சேர்த்தி இல்லை. இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு வெற்றிலை மாற்றித் தேதி குறிப்பார்கள்.

"அண்ணி, ஆபரேஷன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க" என்றாள் பிரகதீஸ்வரி. "வயித்துல ஆபரேஷன்னா நம்ம சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கிளம்பும்போது, எங்களோடு வராமல் வீட்டில் இருக்கப்போகிற கயல் மட்டும் என் முந்தானையைச் சரிசெய்வது போல நெருங்கி வந்து, "அங்க முடியலன்னா முடியலன்னு சொல்லிடும்மா. ஒண்ணும் ஆயிடாது" என்றாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரத்தநாடு தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தேன். என் கணக்கு எனக்கு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போனால் ஐந்து வாயாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

கணக்கு வாசலிலேயே தப்பியது. மாப்பிள்ளையின் அம்மா ஈஸ்வரி சொந்த மரத்து இளநீரை வெட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "கார்ல வந்த சூடு, குடிங்க சம்பந்தியம்மா." இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா என்கிறாள். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. எப்படி மறுப்பேன்? பாதி குடித்தேன். வயிற்றில் பாதி இடம் அதிலேயே போய்விட்டது. பத்து நிமிஷத்தில் இலை போட்டுவிட்டார்கள்.

பச்சரிசிச் சோறு மலை மாதிரி. சாம்பார், வாழைப்பூ வடை, கூட்டு, இலை ஓரத்தில் தேங்காய்ப்பால் பாயசம். என் வீட்டுக்காரர் பக்கிரி எனக்குப் பக்கத்து இலையில் சோற்றைப் பிசைந்து அடிக்கத் தொடங்கினார். நான் முதல் வாயை மென்றேன். இருபது. இரண்டாவது. இருபது. மற்றவர்கள் ரசத்துக்குப் போய்விட்டார்கள். என் இலையில் மலை அப்படியே இருந்தது.

"என்ன சம்பந்தியம்மா, வச்சது வச்சபடி இருக்கு? எங்க வீட்டுல கை நனைக்க இஷ்டமில்லையா?" ஈஸ்வரி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

ராம்கி தண்ணீர்ச் சொம்போடு வந்தான். எல்லோர் டம்ளரையும் நிரப்பியவன் என்னுடையதை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தான். "விடும்மா. அத்தைக்கு வேணும்னா அவங்களே கேப்பாங்க" என்றான். அந்த நேரத்தில் எனக்கு அது பிடிபடவில்லை. பையன் தங்கமானவன் என்று மட்டும் நினைத்தேன்.

பக்கிரி என்னைப் பார்த்தார். பிரகதீஸ்வரி பார்த்தாள். எனக்கு அறைக்குள் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்றாவது வாய், நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்ற சோற்றின் மேல் பாயசத்தை ஊற்றினேன். "அப்படிச் சாப்பிடுங்க" என்றாள் ஈஸ்வரி, மனசார.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உடம்பு முழுக்க வேர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, சுவர் சுற்றியது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேன். கொல்லைவரை போக முடியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு ஓர் அடி தள்ளி வாந்தி எடுத்தேன்.

ஓடி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டது ஈஸ்வரிதான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். வாய் கழுவி விட்டாள், சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தாள், சேலையைச் சரிசெய்தாள். அப்போது முந்தானை விலகியது. என் வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள். அவள் கை அப்படியே நின்றது. பிறகு என் கழுத்தெலும்பைப் பார்த்தாள், ஜாக்கெட்டின் ஊக்கைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள். ஊர்ப் பெண்கள் கேட்கும் அதே குரல்.

"ஒண்ணுமில்ல. கார்ல வந்தது ஒத்துக்கல" என்றேன்.

பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. ராம்கி சொம்பைப் பிடித்தபடி கதவோரம் நின்றான். வாயைத் திறப்பது போல இருந்தது, திறக்கவில்லை. அவன் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரம் தாண்டிப்போச்சுங்க. வெத்தல மாத்துறத இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றார்.

நாலு நாள் கழித்துப் பிரகதீஸ்வரி வந்தாள். உட்காருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து அவள் மடியில் போட்டேன். "இதை ஃபோட்டோ புடிச்சு அனுப்பு. அந்த வியாதி இல்லன்னு டாக்டர் கையெழுத்தே இருக்கு. மறைச்சது என் தப்பு, நானே போய் அவங்க கால்ல விழறேன்."

"அவங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றாள். "கயலு அந்தப் பையன்கிட்ட முன்னாடியே எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அன்னிக்கு நாம கெளம்பின பிறகு அவன் அம்மாகிட்ட சொல்லிட்டான்."

"அப்ப சரிதானே! அப்புறம் என்ன?"

பிரகதீஸ்வரி ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டே பேசினாள். "'அந்த வியாதி இல்லன்னா நல்லதுதான். ஆனா வயித்த வெட்டுற அளவுக்குப் பெருத்த உடம்பு. அதுவும் வம்சத்துல வர்றதுதானே? நாளைக்கு இந்தப் பொண்ணையும் வெட்டணும்பாங்க. தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க'ங்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. குண்டாக இருந்தபோது சொன்ன அதே பழமொழி. அதை ஒழிப்பதற்காக வயிற்றைக் கொடுத்தேன், அது பேராவூரணியில் போய் எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

"தம்பி என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"அம்மா பேச்ச மீறி அவன் என்ன சொல்லுவான்?"

முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் நடந்திருக்குமோ என்று யோசித்தேன். நடந்திருக்காது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றினால் ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. நிமிர்ந்தபோது கயல் வாசற்படியில் நின்றிருந்தாள், தோளில் பள்ளிக்கூடப் பையோடு. எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. கை கால் கழுவப் போனாள்.

அவள் அத்தை பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு சாப்பிட வந்தாள். அன்று வத்தக்குழம்பு. அப்பளமும் சுட்டு வைத்திருந்தேன். அவள் தட்டை எடுக்கவில்லை. என்னுடைய சின்னக் கிண்ணத்தை எடுத்தாள், என்னுடைய ஸ்பூனை எடுத்தாள். அளந்து மூன்று ஸ்பூன் சோறு வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளினாள்.

"என்னடி இது? தட்டுல போட்டுச் சாப்பிடு" என்று கரண்டியோடு போனேன்.

கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "போதும்மா."

"பசியோட வந்திருக்கே. ஒரு கரண்டி போடறேன், எனக்காக."

"எனக்காகத்தானே நீ வெட்டிக்கிட்டே" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "எனக்கும் அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே பழகிக்கிறேன்."

ஒரு வாய் வைத்து மெல்ல ஆரம்பித்தாள். உதடு லேசாக அசைந்தது. கணக்கு டீச்சர், எண்ணிக்கை தப்பாது. குழம்புக் கரண்டி என் கையிலேயே இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவள் விழுங்கினாள். கூடவே நானும் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.