கடிகாரத்தைச் சுற்றும் பெட்டி

கோட்டைப்பட்டினத்தில் ஷேக் பரீதின் கைக்கடிகாரம் நின்றால் அவர் மகள் ஆஃபியா வளர்வதும் நின்றுவிடும். குழந்தை பிறந்த அன்று அவர் ஷார்ஜாவில் வாங்கிய ஆட்டோமேட்டிக் கடிகாரம் அது. பேட்டரி கிடையாது. கை அசைந்தால் ஓடும், கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுபோகும். ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மீன் விலையைப் பேசவே நேரம் போதவில்லை.

தப்பு முழுக்கப் பரீதுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருகிறவருக்கு, தான் இல்லாதபோது மகள் வளர்ந்துவிடக் கூடாது என்று ஆசை. அவளுக்கு ஆறு வயதானபோது கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, இதை யார் கையிலும் கட்ட மாட்டேன் என்று மனைவி சம்சுன் நிஹாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். அவளும் பாவப்பட்டுச் செய்து கொடுத்துத் தொலைத்தாள். அதிலிருந்து அவர் லீவில் வந்து கடிகாரத்தைக் கட்டிய மாதங்களில் மட்டும் ஆஃபியா வளர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பஸ் ஏறி மேல்நிலைப் பள்ளிக்குப் போக, இவள் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆடிய முன்பல் வருடக்கணக்காக ஆடிக்கொண்டே இருந்தது. பரீதும் மனுஷன்தானே, பாவம் என்று கடைத்தெருவில் பெரியவர்கள் உருகினார்கள். பிள்ளைக்காக உருக ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

பிறகு சம்சுன் நிஹாரின் தம்பி ஷாகிர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே கடிகாரத்தை வைத்து பிளக்கைச் சொருகினால், நிற்காமல் ஓடும்படி அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டி கை இல்லை; ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். நோன்பு மாதம் முழுக்க அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து முறைத்துக்கொண்டிருந்தவள், கடைசியில் புருஷனிடமே போனில் கேட்டாள்.

"நான் பாக்காம புள்ள வளந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றார் பரீது.

"புள்ள என்ன, ஒங்களுக்குக் காட்டவா பொறந்துச்சு மச்சான்?"

போனை வைத்த வேகத்தில் பீரோவிலிருந்த கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்தாள்; ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியினுடையதைச் சொருகினாள். உள்ளிருந்த மீன் நாறிப்போனது. நாறட்டும் என்றாள். அந்த வாரமே பல் விழுந்தது. அதன்பிறகு பள்ளிச் சீருடை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த லீவில் பரீது பழைய அளவுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தார். அது ஆஃபியாவின் தோளில் சிக்கி நின்றது. வீடு அதிரக் கத்தியவர், போய் சுவிட்சை அணைத்தார். ஆஃபியா எட்டிப் போட்டாள். அவர் மறுபடி அணைத்தார், அவள் மறுபடி போட்டாள்.

"இனிமே அதத் தொடாதீங்க அத்தா. நான் நாலாப்பு போகணும்."

பரீது தொடவில்லை. கவுன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனது. லீவு முடிந்து சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, அடுத்த தடவை என்ன அளவில் எடுத்து வருவது என்று மகளிடம் கேட்டார்.

"எனக்கு எப்புடித் தெரியும்? வந்து பாத்துக்குங்க."

ஸ்கூல் வேன் வந்துவிட்டதால் அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.