பின்பக்கம் வளைந்த ஃபோர்க்

மாமா பழைய வண்டி வியாபாரி. துருப்பிடித்த மணியைக்கூட ராஜா மிதித்த சைக்கிளின் மணி என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார். அன்று பந்தயத் திடலுக்கு அவர் கொண்டுவந்திருந்தது ஜோடிச் சரக்கு: நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார் சைக்கிள் ஒன்று, அதன் முதுகை ஒட்டியபடி ஓடுவதற்கென்றே செய்த பந்தய சைக்கிள் ஒன்று. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. அதே குழாய், அதே பற்றவைப்பு. மோட்டார் சைக்கிளுக்குப் பெடல்கூட உண்டு. எஞ்சினைக் கழற்றிவிட்டால் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். அண்ணன் முன்னால் போய்க் காற்றைக் கிழிப்பான், தம்பி அந்தக் கிழிசலுக்குள் பறப்பான்.

எட்டு மாதம் மல்லுக்கட்டி இரண்டையும் ஓடவைத்தவள் மாமாவின் அக்கா மகள். சந்தையில் அவளுக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். சைக்கிளை ஓட்டிக் காட்டப்போகிறவன் அவள் தம்பி குருவி, ஒல்லிப்பிச்சான்.

பெட்ரோல் வாங்கிக்கொண்டு திரும்பிய ஸ்பேனரின் கண் முன்சக்கரத்தில் விழுந்தது. ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது.

இந்த வகை சைக்கிளில், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கின் நுனி பின்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் உள்ளே ஒடுங்கி, ஓட்டுகிறவன் மோட்டாரை நெருங்க முடியும். மோட்டாருக்குப் பின்னால் மாட்டிய உருளையில் சக்கரம் உரசினாலும் தானே நேராகிவிடும். இப்போது நுனி, தெருவில் ஓடும் சைக்கிள் போல, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் கை வச்சது?"

மாமா அவளை ஓரமாக இழுத்தார். "கத்தாதேம்மா. நான்தான். வாங்க வந்தவர் பாத்துட்டு, ஃபோர்க் திரும்பியிருக்கே, ஒட்டுப்போட்ட வண்டியான்னு மூஞ்சியைச் சுளிச்சாரு. கடைப்பொண்ணு தெரியாம மாட்டிட்டான்னு சொல்லி நேராக்கிட்டேன்."

"எனக்குத் தெரியாதா? எனக்கா?"

"சரக்கு கைமாறட்டும், ஊர் பூரா உன் புகழ் பாடறேன்."

"அறுபதுல போகப்போறான் மாமா! பிரேக் கிடையாது. காலை வார் போட்டுக் கட்டியாச்சு. உருளைல உரசுச்சுன்னா ஆளை அள்ளத்தான் வேணும்."

"மூணே சுத்துதானே?"

"அப்ப நீங்க ஏறுங்க."

மாமா சிரித்தபடி தொப்பையைத் தடவிக்கொண்டார். "எனக்கு அந்த சீட்டு பத்தாதேம்மா."

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"விடுக்கா, நான் சமாளிச்சுக்கறேன்" என்றான் குருவி, சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி.

"வாயை மூடுடா. உன் மண்டைக்கு ஸ்பேர் எந்தக் கடையிலயும் கிடைக்காது. இறங்கு!"

தடத்தோரம் நாற்காலியில் இருந்த, வாங்க வந்தவரின் கண்ணெதிரிலேயே நட்டைத் தளர்த்தினாள்.

"சரியா இருக்கறதை ஏம்மா திருப்பறே?" என்றார் அவர்.

"இதாங்க சரி. கடைத்தெருவுக்குப் போற சைக்கிள் வேணும்னா வாசல்ல நிறைய நிக்குது, பாருங்க."

"உங்க மாமா தப்புன்னு சொன்னாரே?"

"பொய் சொன்னாரு."

வாங்க வந்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்பும் தோரணையில். ஸ்பேனர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி நட்டை முறுக்கினாள், இன்னொரு முறை முறுக்கினாள், கைப்பிடியை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தம்பியை ஏறவிட்டாள்.

மோட்டாரை ஓட்டியவர் கதவு அகலத்துக்கு முதுகு உள்ளவர். அவர் நிமிர்ந்து உட்கார, வண்டி உறுமியது. குருவி அந்த முதுகுக்குள் மறைந்தான். மூன்றாவது சுற்று, வளைவில், சர்ரென்று ஒரு சத்தம். சக்கரம் உருளையைத் தொட்டிருந்தது. சைக்கிள் ஒரு நடுக்கம் நடுங்கி, தானே நேரானது. குருவி போய்க்கொண்டே இருந்தான்.

வாங்க வந்தவர் எழுந்தே விட்டார். "தொட்டுச்சு! ஆனா விழலையே!"

"அதுக்குத்தாங்க அந்த வளைவு!" என்றார் மாமா, அரை மூச்சுகூட விடாமல். "யார் என்ன சொன்னாலும் திருப்பாதேன்னு இவகிட்ட நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஸ்பேனர் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வாங்க மாமா. ஃபோர்க்கை மாத்தித் திருப்புனது யாரு, அது மேல உக்காந்திருந்தது யாரு, எல்லாத்தையும் எங்கம்மாகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க."

வாங்க வந்தவர் விலை கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். மாமா, தன் அக்காவின் முகத்தை நினைத்தபடி, விலை சொல்லவும் மறந்து நின்றார்.