காயத்துக்குத் தடவிய களிம்பு

பிலியானாவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் காது சிவந்தபடியேதான் இருந்தது.

டிப்போவில்தான் அது தொடங்கியது. டான்யூப் கரையில் இருக்கும் அந்த ஊரில் அவள் டிராலி பஸ் ஓட்டுகிறாள். கூரையில் இருக்கும் நீளக் கொம்பு மின்கம்பியை விட்டு நழுவினால், கொட்டுகிற பனியில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, மறுபடி மாட்டிவிட்டு வண்டியை எடுப்பாள். அப்போதெல்லாம் அவள் ஒரு பெண் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. நட்டுவைத்த கம்பியில் ஏறி ஆடும் போல் டான்ஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தி பரவியதும் அத்தனை பேருக்கும் திடீரென்று கண் திறந்துவிட்டது. பஸ்ஸுக்குள் பயணிகள் பிடித்துக்கொள்ளும் கம்பியைத் தட்டி, "தங்கச்சி, இதுல ஒரு சுத்து சுத்திக் காட்டேன், நாங்க டிக்கெட்டே வாங்கிக்கிறோம்" என்பான், டூட்டி போடுகிற பென்கோ. மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவள் கணவன் யோர்தானும் அங்கேதான் மெக்கானிக். அவன் மட்டும் சிரிக்கமாட்டான். அதையே ஒரு பெரிய உபகாரம் மாதிரி செய்துவிட்டு, குனிந்து சக்கரத்தைப் பார்ப்பான்.

"நீ அவங்களை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்று வீட்டில் கேட்டாள்.

"விளையாட்டுக்குப் பேசறாங்க. விட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளினாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. அவள் தேளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேள் என்று அங்கே சொல்வது ஒரு தலைகீழ் நிலையை. கம்பியில் ஏறி, உடம்பைப் பின்னால் சாய்த்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு முழங்காலின் பின்மடிப்பைக் கம்பியில் கொக்கி மாதிரி மாட்ட வேண்டும். இடுப்பின் பக்கத்தைக் கம்பியோடு அழுத்திக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு கையையும் விட்டுவிட வேண்டும். தலை தரையைப் பார்த்துத் தொங்கும். முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த மடிப்பிலும் இடுப்பிலும் இருக்கிற கொஞ்சம் தோல்தான். அதற்காகத்தான் அரை டவுசர். துணி வழுக்கும், தோல் பிடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. இதை டிப்போவில் உட்கார்ந்து விளக்கினால் யார் காதில் ஏறும்?

வகுப்பு நடந்தது மூடிப்போன நூல் ஆலையின் அடித்தளத்தில். சொல்லிக் கொடுத்தவள் ஸ்னேஷா, பிலியானாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "உடம்புல க்ரீம் தடவக்கூடாது. வகுப்புக்கு முந்தின நாள்கூடக் கூடாது. குளிச்சாலும் போகாது, தோலுக்குள்ள ஊறிக்கிட்டு நிக்கும். வேர்த்தா வெளிய வரும்." அந்த ஊர்க் குளிரில் தோல் வெடித்துப் பிளக்கும், ரோஜா க்ரீம் இல்லாத வீடே கிடையாது. அதனால் எல்லாப் பெண்களும் முனகினார்கள். அன்று சாப்பாட்டு மேஜையில் பிலியானா இதைச் சிரித்துக்கொண்டே யோர்தானிடம் சொன்னாள். "துளி க்ரீம் இருந்தாலும் கம்பி நம்மளத் துப்பிடுமாம்." அவனும் சிரித்தான்.

கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேளைப் பிடித்துவிட்டார்கள். பல் டாக்டர் பிடித்தாள், சந்தையில் மிளகாய் விற்கிறவள் பிடித்தாள். பிலியானா மட்டும் காலை மாட்டுவாள், கையை விடுவாள், வழுக்கிக்கொண்டு வருவாள். மடிப்பெல்லாம் கன்றிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதைப் பார்த்து யோர்தான் உருகிப் போனான். வகுப்புக்கு முந்தின சாயங்காலம் வந்தால் அவளை சோபாவில் உட்காரவைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய மஞ்சள் களிம்பை முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் பதமாகத் தேய்த்துவிடுவான். "காயத்துக்கு நல்லது" என்பான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் காலை அவன் தொட்டுப் பிடித்துவிட்டது கிடையாது. அவளுக்குக் கண்ணே கலங்கியது. க்ரீம் என்பது அழகுக்கு, இது மருந்துதானே என்று நினைத்துக்கொண்டாள். காலையில் சோப்புப் போட்டுக் குளித்தாள். அதோடு சரி என்று இருந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி வகுப்பில் அவள் கையை விட்டதும் மடிப்பு சரேலென்று நழுவியது. தலை தரையில் மோதும் முன் ஸ்னேஷா கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டாள். தோள்பட்டை மட்டும் மெத்தையில் இடித்தது.

"அக்கா, க்ரீம் தடவினீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"நான் என்ன சின்னக் கொழந்தையா?"

ஸ்னேஷா அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். பிறகு, "அப்ப இது உங்க உடம்புக்கு ஒத்துவரல போல. வசந்த விழா மேடையில நிமிர்ந்து நிக்கிற மாதிரி வேற ஏதாவது ஆடிக்கலாம்" என்றாள்.

உடை மாற்றும் அறையில் பிலியானா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வயதாகிவிட்டது, பென்கோ கேலி செய்தது சரிதான் போல என்று தோன்றியது. பண்டிகை முடிந்ததும் வகுப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஸ்னேஷாவிடமும் வீட்டிலும் சொன்னாள். "உன் இஷ்டம்" என்றான் யோர்தான், மிகவும் மிருதுவாக.

ஜனவரி ஆறாம் தேதி யோர்தானின் பெயர்நாள், அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் பிறந்தநாள் மாதிரி கொண்டாடுகிற நாள். அன்று பாதிரியார் சிலுவையை ஆற்றில் எறிவார், ஆண்கள் பாய்ந்து நீந்தி எடுப்பார்கள். கரையோரம் பனிக்கட்டி நொறுங்கிக் கிடக்கும். யோர்தான் வருஷம் தவறாமல் குதிப்பான். பிலியானாவும் வருஷம் தவறாமல் அவனுடைய கோட்டு, துண்டு, பூட்ஸ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கரையில் நிற்பாள். டிப்போக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், ஜட்டியளவு துணியோடு, தொந்தியும் தொடையும் நடுங்க. ஊரே கைதட்டியது. டிவிக்காரன் படம் எடுத்தான். அந்தத் தொடைகளைப் பார்த்து யாருடைய மானமும் போனதாகத் தெரியவில்லை. பிலியானாவின் காது குளிரில்தான் சிவந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், சோறு போட்டாக வேண்டும். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, ராக்கியா சாராயம், பெரிய கண்ணாடி ஜாடியில் மிளகாய் ஊறுகாய் எல்லாம் மேஜையில் இருந்தன. பென்கோ மனைவி தோத்காவோடு வந்தான். எதிர்பாராமல் ஸ்னேஷாவும் ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

நாலாவது கோப்பையில் பென்கோவுக்கு நாக்கு தளர்ந்தது. "டீச்சரம்மா, வசந்த விழாவுல எங்க தங்கச்சி தலைகீழா தொங்குதா?"

"இல்லண்ணே. அக்கா வகுப்பையே விடறாங்க."

பென்கோ யோர்தானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "பாத்தியா, நான் சொன்னேன்ல? தடவு, தடவு, வழுக்கி வழுக்கித் தங்கச்சி தானா விட்டுரும்னு."

ஸ்னேஷா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன தடவறது?"

யோர்தான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிலியானா எழுந்து குளியலறைக்குப் போய் மஞ்சள் களிம்பு ட்யூபை எடுத்து வந்து ஸ்னேஷா முன்னால் வைத்தாள். ஸ்னேஷா மூடியைத் திறந்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"சுத்த எண்ணெய்ப் பசை அக்கா. இதோடவா ஏறினீங்க?"

பிலியானா கணவனைப் பார்த்தாள். "க்ரீம் ஆகாதுன்னு நான்தானே உன்கிட்ட சொன்னேன். இதே மேஜையில உக்காந்து."

"நீ விழணும்னு நான் நெனைக்கல" என்றான் அவன். "கொஞ்சம் வழுக்கும், சலிச்சுப்போய் விட்டுருவேன்னுதான். ஊர்ல என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது. பொண்டாட்டி அரை டவுசரோட நாலு பேர் முன்னாடி..."

"காலைல நீ எதைப் போட்டுக்கிட்டு ஆத்துல குதிச்ச?"

தோத்கா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது வேற. அது சாமி காரியம்."

"கையைக் காட்டு."

அவன் நீட்டினான். பழக்கதோஷமாக நீட்டினானா, விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்று நீட்டினானா தெரியாது. பிலியானா ட்யூபைக் கடைசிவரைக்கும் பிதுக்கி அவன் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டினாள். அவன் அவள் காலைத் தேய்த்தது போலவே, அவசரமில்லாமல், விரல் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்தாள். பதமாகத்தான் தேய்த்தாள்.

"இப்ப அந்த ஊறுகா ஜாடிய எடு. தலைக்கு மேல தூக்கு."

"பிலியானா, ஜனங்க இருக்காங்க."

"ஜனங்களுக்குத் தெரிஞ்சுதானே பண்ணின? தூக்கு."

தூக்கினான். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஜாடி அவன் கையில் நிற்கவில்லை. தரையில் விழுந்து சிதறி, வினிகரும் மிளகாயும் பென்கோவின் பூட்ஸ் வரை ஓடின. யோர்தான் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவளும் இப்படி விழுந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது என்றால், அதுவும் கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

"துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள் பிலியானா. உட்கார்ந்து, ஸ்னேஷாவின் தட்டில் ஒன்றும் தன் தட்டில் ஒன்றுமாக முட்டைக்கோஸ் சுருளை வைத்தாள். துடைப்பக் கட்டை அவன் கையில் இரண்டு தரம் வழுக்கியது. யாரும் உதவிக்கு எழவில்லை.

அதன் பிறகு வந்த வகுப்பில் பிலியானா முழங்கால் மடிப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். தோல் வறண்டு எரிந்தது. ஏறினாள், சாய்ந்தாள், காலை மாட்டினாள். மடிப்பு கம்பியைக் கடித்துக்கொண்டது. உயிர் போகிற வலி. ஒரு கையை விட்டாள். இன்னொன்றையும் விட்டாள். நழுவவில்லை. ஸ்னேஷா கழுத்துக்கு அடியில் நீட்டியிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

இத்தனை மாதம் தன் உடம்பையே திட்டியிருக்கிறோமே என்ற நினைப்புத்தான் பிலியானாவுக்கு முதலில் வந்தது. சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வாசலில் யோர்தான் தலைகீழாகத் தெரிந்தான். அழைத்துப் போக வந்திருக்கிறான். ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எறங்கிடு பிலியானா. பாக்கவே பயமா இருக்கு."

"எத்தனை வருஷம் ஆத்தங்கரையில உன் கோட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றாள் அவள், கையை விரித்துத் தொங்கியபடியே. "நில்லு."

அவன் நின்றான். அவள் இறங்கி வந்து, மறுபடி ஏறினாள்.