வலது லென்ஸ், இடது லென்ஸ்

…கடவுள் மன்னித்துவிட்டார், அதில் கண்ணாடிக் கடைக்காரருக்குத் துளியும் சந்தேகமில்லை, ஆனால் மன்னித்த பிறகு அந்தப் பாவம் எங்கே போகிறது? லென்ஸ் அரைக்கும்போது வரும் தூள் தண்ணீரோடு போய்விடுகிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார், போன மாதம் குழாய் அடைத்துக்கொண்டபோது திறந்து பார்த்தால் அடியில் கட்டியாக உறைந்து கிடந்தது, அது மாதிரி இதுவும் எங்கேயாவது படிந்து கிடக்குமோ… முன்னறையில் அக்கா கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அறுபத்தெட்டு வயதில் சிவப்பு பிரேம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம், ஏன் சிவப்பு என்று கேட்டதற்கு, "எங்க வச்சேன்னு தேட வேண்டாம் பாரு" என்றாள். அதுவும் நியாயம்தான்.

வலது லென்ஸின் ஓரத்தில் பேனாவால் 'வ', இடதில் 'இ', வெட்டுவதற்கு முன் ஒரு தரம் பவர் பார்த்தாயிற்று, வெட்டிய பின் ஒரு தரம், இப்போது மூன்றாவது தரம். மற்றவர்களுக்கு ஒரு தரம் போதும், அக்காவுக்கு மட்டும் ஏன் மூன்று? அக்காவின் இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை, வலதுக்குப் பவர் அதிகம், இடதுக்குக் கொஞ்சம்தான், ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சீக்கிரம் கடையை மூடிவிட்டு விளையாட்டுப் போட்டி பார்க்கிற அவசரத்தில், வலதை இடதாகவும் இடதை வலதாகவும் வெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டார். தரை மேலே வருகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னார், புதுக் கண்ணாடி அப்படித்தான், ரெண்டு நாள்ல பழகிடும். மறுநாள் ஆலயத்தின் படிக்கட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் கால் தவறினாள், இரண்டு பேரும் விழுந்தார்கள். அக்காவுக்கு இடுப்பு, அம்மாவுக்குத் தலை. அம்மா பதினோரு மாதம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தாள்.

விழுந்ததில் பிரேம் வளைந்துவிட்டது, நிமிர்த்தித் தருகிறேன் என்று அக்காவிடம் சொல்லி வாங்கி வந்து பவர் பார்த்தபோதுதான் லென்ஸ் மாறியிருந்தது தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம், யார் வாயைக் கட்டினார்கள்? புது லென்ஸ் வெட்டி மாட்டினார், பழையதைச் சுத்தியலால் பொடியாக்கினார், வாய் திறக்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்த பிறகு ஒரு நாள் ஆளில்லாத ஆலயத்தில் கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் கர்த்தரிடம் கொட்டினார், எழுந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது, நடிப்பில்லை, உண்மையாகவே. அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அப்புறம் எதற்கு இந்த மூன்றாவது தரம்? கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகும் விரல் தானாகப் போய் மூக்கின் மேல் எதையோ தள்ளிவிடுமே, அந்த மாதிரி வெறும் பழக்கமா, இல்லை அவரிடம் கேட்க கர்த்தருக்கு இன்னும் ஏதாவது கேள்வி பாக்கியிருக்கிறதா?

முன்னறைக்குப் போய், அவள் முன்னால் குனிந்து மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் நரைமுடியை ஒதுக்கி, பிரேமின் கொக்கி அழுத்துகிறதா என்று பார்த்தார். எல்லாரும் புதுக் கண்ணாடி போட்டதும் எதிரே இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்ப்பார்கள், அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள், கைத்தடியை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, தரை எங்கே இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டாள். போன தடவையும் இப்படித்தானா செய்தாள்? கவனித்ததில்லையே…

"பழகிடும்ல?" என்றாள். பிறகு, "அன்னைக்கும் நீ படிச்சுப் படிச்சு சொன்ன, ரெண்டு நாள் ஆகும்னு. நான்தான் கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? ஆஸ்பத்திரியில நீ நிமித்திக் கொண்டுவந்து குடுத்தப்போ அதே கண்ணாடி பளிச்சுனு தெரிஞ்சுதேடா, நீ சொன்ன மாதிரியே பழகிடுச்சு."

அதே கண்ணாடி… அவர் கை அவள் காதருகே அப்படியே நின்றது.

"ஒவ்வொரு திருவிருந்துலயும் அப்பம் வாங்குறப்போ அதைத்தான் சொல்லி மன்னிப்பு கேக்குறேன்," என்றாள் அக்கா. "கேட்டவங்களுக்கெல்லாம் மன்னிக்கிறார்னு போதகர் சொல்றார். எனக்கு மட்டும் மன்னிச்ச மாதிரியே இல்ல. ஒம்பது வருஷமாச்சு. ஏன்டா அப்படி?"

ஏன்? எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், ஒரே பெஞ்சில், பக்கத்தில் பக்கத்தில்… அவர் லேசாக எழுந்திருக்கிறார், அவள் கைத்தடியை ஊன்றி எழுந்திருக்கிறாள், வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்தார். செய்யாத ஒன்றைக் கர்த்தர் எப்படி மன்னிப்பார், மன்னிக்க அவளிடம் என்ன இருக்கிறது? அப்படியானால் தனக்குக் கிடைத்தது மன்னிப்புத்தானா, இல்லை, சுமை ஆள் மாறிப்போனதைத்தான் லேசு என்று நினைத்துவிட்டாரா? மன்னிப்பு பொய்யில்லை, அது அவருக்குத் தெரியும். கையை அவள் காதருகிலிருந்து எடுத்தார்.

"அக்கா," என்றார், "அந்தப் பழைய கண்ணாடி…"

அவள் தரையை விட்டு நிமிர்ந்து, சிவப்பு பிரேமின் வழியாக முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா," என்றாள், "ஏன் அழற?"