ஒருமனதாக ஒழுகிய கூரை

தார்ன்பெக் வீட்டில் யாருக்கும் யார்மீதும் கோபம் வந்ததே கிடையாது. வந்திருந்தால் அந்தக் கூரை என்றைக்கோ சரியாகியிருக்கும்.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில், ஆடுகளுக்கும் கல்வேலிகளுக்கும் நடுவே நிற்கிற பழைய ஆலை முதலாளியின் வீடு அது. க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முறைப்படி கூடி வாழ்வது என்று ஒரு டஜன் பேர் அதில் குடியேறியிருந்தார்கள். ஒரே சமையல், ஒரே தோட்டம், ஒரே கொதிகலன். தலைவர் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. எதுவானாலும் வட்டமாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளிருந்து ஒரு குரல் உந்தினால் எழுந்து பேசலாம். பேசியவருக்கு உடனே மறுப்புச் சொல்லக் கூடாது; மறுபடியும் மௌனம். எல்லோர் மனமும் ஒன்றுபட்டதாகத் தெரிந்தால், கூட்டத்தை நடத்துகிறவர் அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். யாராவது ஒருவர் "எனக்கு மனசு ஒப்பலை" என்று சொல்லிவிட்டால் போதும், விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

சமையலறைக் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்று இவர்கள் முடிவு செய்வதற்குள் கதவே உளுத்து விழுந்துவிட்டதாகச் சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அபாண்டம். கீழ்ப்பாதி மட்டும்தான் விழுந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் மியூரியல் ஹெய்க் எப்படி வந்து மாட்டினார் என்று கேட்டால், தனிமைதான் காரணம். ஓய்வு பெறும்வரை டிரைவிங் தேர்வு அதிகாரியாக இருந்தவர். கார் முதல் முனை திரும்புவதற்குள் 'ஃபெயில்' என்று மனதுக்குள் முத்திரை குத்திவிடுவார். அவர் பெயரைக் கேட்டாலே காரின் என்ஜின் தானாக அணைந்துவிடும் என்பார்கள். அப்படி ஊரையே நடுங்க வைத்தவர், ஓய்வுக்குப் பிறகு டி.வி. அறிவிப்பாளருக்குக் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தார்ன்பெக்கில் சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு முகம். பருப்பு சூப் மட்டமாக இருந்தாலும் அதைக் குறை சொல்ல ஆள் துணை இருந்தது. மியூரியலுக்கு அது போதும். அந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை.

ஆனால் அவருக்கு வாய்த்ததோ மேல்மாடி அறை. கூரையில் ஒரு ஓட்டை என்றால் வாளி வைத்துவிடலாம். இது ஊர்சுற்றும் ஓட்டை. இன்று அலமாரிக்கு மேலே சொட்டும், நாளைக்குத் தலையணைக்கு வந்துவிடும். அந்த அறையில் அவருடைய கட்டில் படாத மூலை கிடையாது. வீட்டிலுள்ள சூப் பாத்திரமெல்லாம் மாடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் கீழே சூப் தேநீர்க் கெட்டிலில்தான் கொதித்தது. மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்கலாமா என்றுகூட அவர் யோசித்ததுண்டு.

இலையுதிர்காலத்தில் இருமல் பிடித்தது. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுக் கறாராகச் சொன்னார்: குளிர்காலத்துக்கு முன்னால் ஒன்று கூரை மாற வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இடம் மாற வேண்டும். மாறுவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. ஸ்கார்பரோவில் தங்கை டோரீன் வீடு. டோரீனிடம் இரண்டு டி.வி., மூன்று கிளிகள். இரண்டு டி.வி.யும் சொல்வதை மூன்று கிளியும் திருப்பிச் சொல்லும்.

கல்வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஸ்டான் மர்கட்ராய்டுக்குக் கூரை வேலைதான் தொழில்.

"என்ன கண்ணு, உள்ள இன்னும் மழையா?" என்று வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"வெளிய நின்னுடுச்சு ஸ்டான். உள்ள இன்னும் நிக்கலை."

"அரை நாள் வேலை. ஏணி எங்கிட்ட இருக்கு, ஓடு எங்கிட்ட கிடக்கு. சும்மாவே போட்டுத் தரேன்னுட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் பின்ன எதுக்கு இருக்கான்? உங்க ஆளுங்களை 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

"அந்த ஒரு வார்த்தைதான் எங்க வீட்டுல ஸ்டாக் இல்லை. சூப் வேணும்னா தரேன்."

"ஐயய்யோ, வேணாம் தாயி. போன தடவை குடிச்சதே இன்னும் எங்கூடத்தான் குடித்தனம் பண்ணுது."

பதினோரு பேருக்கு 'சரி' சொல்வதில் தடையில்லை. பன்னிரண்டாவது ஆள் ஃபிலிப்பா கார்த். மண்பாண்டம் செய்கிறவர், அவர் செய்த கோப்பை எதுவும் நேராக நின்றதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஆத்மா உண்டு என்பார். கொதிகலனுக்கு நேர் மேலே இருக்கும் அறை அவருடையது. வீட்டிலேயே கதகதப்பான இடம். மற்றவர்கள் காலுறை காயப்போட அனுமதி கேட்டு அங்கே போவார்கள். ஸ்பெயின் ஓடு கப்பலேறி வருகிறது என்று ஒரு மாதம் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வேல்ஸ் ஓட்டுக்கு மலையை வெடி வைத்துப் பிளக்கிறார்கள் என்று அடுத்த மாதம் ஒப்பவில்லை. சரி, ஸ்டானிடம் கிடக்கும் பழைய கல் ஓடுகளையே போடலாம் என்றபோது, இத்தனை காலம் மழையில் உழைத்த கல்லை மறுபடியும் வேலைக்கு அனுப்புவது நியாயமா என்று கேட்டு எல்லோரையும் கண் கலங்க வைத்துவிட்டார்.

ஒரு நாள் இருவரும் சமையலறையில் டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது மியூரியல் நேராகவே கேட்டார்.

"ஃபிலிப்பா, அந்தக் கூரை விஷயம்..."

"எனக்குள்ள ஒரு கேள்விதான் எழுது, மியூரியல். ஈரத்தைக் கண்டு நாம ஏன் இவ்வளவு பயப்படறோம்?"

"எனக்கு நுரையீரல்னு ஒண்ணு இருக்கு. அதனாலதான்."

"நீங்க சொன்னதை அப்படியே உள்ள வாங்கிக்கறேன்," என்றார் ஃபிலிப்பா, கண்ணை மூடி.

தார்ன்பெக்கில் அந்த வாக்கியத்துக்கு, முகத்தில் கதவை அறைந்து சாத்துவது என்று பொருள்.

கூட்டத்தை நடத்துகிற ஆம்ப்ரோஸ் டென்ட்டிடம் போய் முறையிட்டார் மியூரியல். அவர் லத்தீன் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூட 'தள்ளிப் போ' என்று சொன்னதில்லை.

"உங்களுக்காக வேண்டிக்கிட்டு, உங்களை நாங்க எல்லாரும் ஒளியில வெச்சுக்கிட்டுதான் இருக்கோம், மியூரியல்."

"ஒளியில வெச்சா படுக்கை காயுமா, ஆம்ப்ரோஸ்?"

ஆம்ப்ரோஸ் அந்தக் கேள்வியோடு மௌனமாக உட்கார்ந்துவிட்டார். மியூரியல் எழுந்து வரும்போதும் உட்கார்ந்துதான் இருந்தார்.

அன்றைக்கு வானொலியில் வானிலை அறிக்கை கேட்டார் மியூரியல். ஞாயிற்றுக்கிழமை பேய்மழை என்றது. சட்டென்று அவருடைய முட்டியில் வலி கண்டது. அதுவரை முட்டி பேரில் ஒரு புகாரும் இருந்ததில்லை.

"படி இறங்கவே முடியலை, நண்பர்களே. இந்த மாசக் கூட்டத்தை என் அறையிலேயே வெச்சுக்கலாமே?"

நோயாளிக்கு உதவுவது என்றால் தார்ன்பெக்குக்கு மௌனம்கூடத் தேவையில்லை. கும்பலாக நாற்காலி தூக்கி வந்தார்கள். மியூரியல் வாளி, சட்டி, சூப் பாத்திரம் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஃபிலிப்பா எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார் என்று தெரியும். முந்தின மழையில் மிக மும்முரமாக ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே ஜன்னலோர நாற்காலியைப் போட்டு, மெத்தென்று ஒரு குஷனும் வைத்தார். நடுவில் சின்ன மேஜை, அதில் பூ. எல்லாம் தயார். தலையில் நாலு சொட்டு விழுந்தால் எந்த மனுஷியும் துள்ளி எழுந்து 'முதல்ல கூரையைப் போடுங்க' என்று கத்துவாள். மியூரியலின் கணக்கு அவ்வளவுதான்.

மௌனம் தொடங்கியது. மழையும் தொடங்கியது.

முதல் சொட்டு ஃபிலிப்பாவின் உச்சியில் விழுந்தது. அவர் அசையவில்லை. இரண்டாவது மூக்கில் விழுந்து, நுனியில் தொங்கி, யோசித்து, இறங்கியது. அசையவில்லை. ஆம்ப்ரோஸின் காகிதத்தில் மை கரைந்து ஓடியது. அவர் அதைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒருவரின் வழுக்கையில் 'டொக்' என்று சத்தம் வர, பக்கத்தில் இருந்தவர் அதை வாழ்வின் நிலையாமையாக எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். உள்குரல் உந்தாமல் வாய் திறக்கக் கூடாதே! பன்னிரண்டு பேரும் நனைந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சாந்தி. மியூரியலின் வலது கால் மட்டும், பழைய தொழில் பழக்கத்தில், தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஃபிலிப்பா எழுந்தார். அப்பாடா என்றிருந்தது மியூரியலுக்கு.

"நண்பர்களே," என்றார் ஃபிலிப்பா, தாடையிலிருந்து தண்ணீர் வழிய. "இத்தனை நாளா இதை ஒழுகல்னு சொல்லிக்கிட்டிருந்தோம். இது ஒழுகல் இல்லை. வருகை. வானம் நம்மைத் தேடிக்கிட்டு உள்ள வருது. இதை நாம அடைக்கலாமா? இந்த அறையில யாராவது எப்பவும் தண்ணியோட உக்கார்ந்திருக்கணும்னு எனக்குத் தோணுது."

உட்கார்ந்தார். பலர் அழுதார்கள், அல்லது நனைந்திருந்தார்கள், பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆம்ப்ரோஸ் புதுக் காகிதம் எடுத்து, 'கூரையை உள்ளபடியே விடுவதென்று' என எழுதத் தொடங்கினார்.

மியூரியலின் காதில் ஸ்கார்பரோ கிளிகள் கத்தின. மனம் ஒப்பவில்லை என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும், அதற்குள் கட்டில் கடலுக்குப் போய்விடும். பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தார். எழுந்தார். முட்டி வலியை மறந்து வெகு சுலபமாகவே எழுந்தார்.

"எனக்குள்ளயும் ஒரு குரல் உந்துது, நண்பர்களே. இவ்வளவு நாளா இந்தத் தண்ணி என் தலையில சொட்டியிருக்கு. எனக்கு இருமலைத் தவிர ஒண்ணும் வரலை. ஃபிலிப்பாகிட்ட ஒரே தடவை உக்கார்ந்ததுக்கே பேசிடுச்சு. அது யாரைத் தேடி வந்ததுன்னு இப்பத்தான் புரியுது. நடுவுல நான் யார் குறுக்க நிக்க? இந்த அறையை ஃபிலிப்பாவுக்கு விட்டுத் தரேன். எனக்கென்ன, ஒரு மூலை போதும். கொதிகலனுக்கு மேல இருக்கிற அந்தச் சின்ன அறையே போதும்."

மௌனம். பதினொரு ஜோடிக் கண்கள் அன்பு ததும்ப ஃபிலிப்பாவைப் பார்த்தன. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. மூடிக்கொண்டார். தன் வாயாலேயே வானத்தை வரவேற்றவர் அதே வாயால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

ஆம்ப்ரோஸ் தீர்மானத்தை வாசித்தார். "நண்பர்களுக்கு இது சரியா இருக்கா?"

"இருக்கும்னு நம்பறோம்," என்று வழக்கப்படி சம்மதம் சொன்னார்கள் எல்லோரும். கை குலுக்கிக்கொண்டார்கள். தார்ன்பெக் சரித்திரத்தில் ஒரே கூட்டத்தில் முடிந்த முதல் விஷயம் அது.

ஃபிலிப்பா சில நாட்கள் தண்ணீரோடு உட்கார்ந்தார். பிறகு வாளி கேட்டார். பிறகு சூப் பாத்திரம் கேட்டார். அவர் தும்மிய தும்மலில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து ஆடுகள் திசை மாறி மேய்ந்தன. அடுத்த கூட்டத்தில், மூக்கு தக்காளியாய்ச் சிவந்திருக்க, முதல் ஆளாக எழுந்தார்.

"அந்தப் பழைய கல்லுக்கும் மறுபடி நம்ம தலைக்கு மேல இருக்கணும்னு ஒரு ஏக்கம் இருக்கும்னு தோணுது, நண்பர்களே. அ... ஆச்சூ!"

தீர்மானத்தின் மை காய்வதற்குள் ஸ்டான் ஏணியோடு வேலி தாண்டி வந்துவிட்டார். சாப்பாட்டு வேளைக்குள் வேலை முடிந்தது. எல்லோரும் பரிசுத்த ஆவிக்கு நன்றி சொல்லி மௌனமாக நின்றார்கள்.

"அவரு ஏணியை ஒரு பக்கம் பிடிச்சிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்," என்றார் ஸ்டான், மியூரியலின் காதில். அவருக்குச் சூப் கொடுத்தார்கள். தோட்டத்தில் ஊற்றிவிட்டுப் போனார். அந்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை.

அதற்கடுத்த கூட்டம் கீழே, வழக்கமான இடத்தில் நடந்தது. ஃபிலிப்பா மென்மையான குரலில் ஆரம்பித்தார்.

"மேல் அறை இப்ப நல்லா காஞ்சிடுச்சு. மியூரியலுக்கு அந்த அறை மேல எவ்வளவு பிரியம்னு நமக்குத் தெரியும். அவங்களுக்கு அதைத் திருப்பித் தரணும்னு எனக்குள்ள ஒரு உந்துதல்."

ஆம்ப்ரோஸ் பேனாவைத் திறந்துகொண்டு மியூரியலைப் பார்த்தார். மியூரியல் நிதானமாக எழுந்தார். கொதிகலனுக்கு மேலே காய்ந்த காலுறை, காலில் இதமாகச் சுட்டது. இருமல் போன இடம் தெரியவில்லை.

"ஃபிலிப்பா சொன்னதை அப்படியே உள்ள வாங்கிக்கறேன்," என்றார். "ஆனா எனக்கு மனசு ஒப்பலை."

விஷயம் அடுத்த மாதத்துக்குப் போயிற்று. இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.