ஒரு நூல் தள்ளி நின்ற மஞ்சள்

1967 டிசம்பரில், அடைமழை விட்ட முதல் காலையில், கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த ரத்தினபாய் டீச்சரின் மஞ்சள் நிறம் அவர் உடம்பைவிட்டு ஒரு நூல் இடப்பக்கமாகத் தள்ளி நின்றது. நூல் என்பது தச்சர்களும் அச்சகத்தாரும் சொல்லும் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வலப்பக்கத்தில் கன்னத்தின் ஓரமும் தோளும் முழங்கையும் மஞ்சள் போய் வெளிறிய ஊதாவாக இருந்தன. இடப்பக்கத்தில், அதே அகலத்துக்கு, காற்றில் ஒரு மஞ்சள் விளிம்பு நின்றது. வலி இல்லை. ஈரத்துணியை ஒட்டிப் போட்டதுபோல் கொஞ்சம் குளிர்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றும் வழக்கம்போல் சேலையூரில் தான் வேலை பார்த்த பள்ளிக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர், "யக்கா, ஓரமா கீற மஞ்சளை உள்ள இஸ்துக்கோ, கம்பில மாட்டிக்கினா நான் பொறுப்பில்ல" என்றார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள், ரத்தினபாயும் சிரித்தார். பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க வாய் பார்த்துவிட்டு மறுநாள் வாய்ப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் கணவர் வேதசிரோமணி கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட். வீட்டின் முன்னறையில் சாய்மேசை போட்டு கல்யாணப் பத்திரிகை, சோப்பு உறை, கண்காட்சி நோட்டீஸ், காலண்டர் எல்லாவற்றுக்கும் படம் வரைந்து கொடுத்தார். அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு இருக்கும் பயங்கள் எல்லாம் அவருக்கும் இருந்தன. காய்ந்துகொண்டிருக்கும் படத்தின்மேல் பல்லி நடந்துவிடும் என்று பயந்தார். போன வாரம் பிரமாதம் என்றவர் இந்த வாரம் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று பயந்தார். பத்தாயிரம் பிரதி ஓடிய பிறகு ஒரு தப்பு கண்ணில் படும் என்று பயந்தார். முதல் இரண்டும் அடிக்கடி நடந்தன. மூன்றாவது ஒரே ஒரு முறை நடந்தது.

குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் புது வருஷக் காலண்டருக்கு விளக்கு ஏந்திய பெண் ஒருத்தியைக் கேட்டார். மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாததால் ரத்தினபாயே குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிறிஸ்தவ வீட்டில் விளக்கு இல்லை. அதை எதிர்வீட்டில் இரவல் வாங்கினார்கள். கடைக்காரர் வந்து பார்த்து மூக்குத்தி வைக்கச் சொன்னார். மறுபடி வந்து சேலைக் கரையை மாற்றச் சொன்னார். அவருடைய மச்சினன் வந்து விளக்கைச் சின்னதாக்கி, கடைப்பெயரை "இன்னும் கொஞ்சம் பெரிசா" போடச் சொன்னார். பெயர் வளர்ந்து ரத்தினபாயின் முழங்கால்வரை வந்தது. இத்தனை திருத்தத்துக்குப் பிறகு படம், நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடாக, பிளாக் செய்து அச்சகத்துக்கு வந்தபோது வருஷம் முடியச் சில நாட்களே இருந்தன.

கலர் அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை ஓட்டுவார்கள். நான்கும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் படம் படமாக இருக்கும். அதனால் மாதிரித் தாளை வெளியே எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகே ஆர்ட்டிஸ்ட் கையெழுத்துப் போடுவது வழக்கம். அறைக்குள் பார்க்கக் கூடாது, ஏனென்றால் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் மசி தெரியாது. அந்த வாரம் வெயிலே இல்லை. அச்சக முதலாளி துளசிங்கம் மாதிரித் தாளைப் பல்புக்குக் கீழே நீட்டினார்.

"ஜனவரி ஒண்ணுக்கு அப்புறம் காலண்டர் எவனுக்கு சார் வோணும்? சூரியன் வருமா வராதான்னு பாத்துகினு குந்தினுகீற. போடு சார் கையெழுத்தை, பேஜார் பண்ணாத."

வேதசிரோமணி வாசல்வரை போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

மஞ்சள் பிளாக் சட்டத்துக்குள் நகர்ந்திருந்தது. மழை விட்ட காலையில் கட்டுக்கட்டாகக் காலண்டர்களை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது. அவர் வீட்டுக்கு ஓடினார். ஸ்கேலை முதலில் காலண்டரிலும் பிறகு மனைவியின் தோளிலும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

மறுபடி அச்சடித்தால் சரியாகிவிடும் என்று நம்பி அவர் குரோம்பேட்டைக்குப் போனார். கடைக்காரருக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. "அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு ஜோதி மாதிரி போட்டிருக்கீங்களே சார், இதை நான் கேக்கவே இல்லையே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிளாக்குகளை எடுத்துக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த வருஷங்களும் அதே படம், அதே தள்ளலோடு, தேதி மட்டும் மாறி வந்தது. பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர்வரை வீட்டுச் சுவர்களிலும் சலூன்களிலும் ரத்தினபாய் தன் மஞ்சளிலிருந்து விலகியபடி விளக்கு ஏந்திக்கொண்டிருந்தார். சரியான நிறங்களில் வேதசிரோமணி அவரைத் திரும்பத் திரும்ப வரைந்ததாகச் சொல்கிறார்கள். எத்தனை படம் என்று உறுதியாகத் தெரியவில்லை. எதுவும் உதவவில்லை.

மஞ்சள் தள்ளி நின்ற முதல் நாள் மாலை விளக்குப் போட்டதும் வேறொன்று தெரிந்தது. பல்பு வெளிச்சத்தில் ரத்தினபாய் முழுதாக இருந்தார். விளிம்பும் இல்லை, ஊதாவும் இல்லை. வேதசிரோமணி அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதார். சில நாட்களில் பழைய அட்டைகளை வெட்டி ஜன்னல்களை அடைக்கத் தொடங்கினார்.

"எதுக்குங்க அடைக்கிறீங்க?"

"வெளிச்சம் கூசுது. வேலை ஓட மாட்டேங்குது."

"கூசுறது வெயிலா, நானா?"

அவர் அடுத்த அட்டையில் பசையைத் தடவினார்.

அதன்பின் அந்த வீட்டில் பகலிலும் பல்பு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் ரத்தினபாயைப் போகச் சொல்லவில்லை. கணவர் கெஞ்சியதால் இரண்டாம் வருஷம் வேலையை விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு அவர் தனியாகப் போவார், வேதசிரோமணி மாலை ஆராதனைக்குப் போவார். வெயிலில் மனைவி எதிரே வந்தால் ஏதோ விழுந்துவிட்டதுபோல் தரையைத் தேடுவார். அன்பு குறையவில்லை என்று வீட்டு வேலை செய்த கன்னியம்மா சொல்கிறார், அம்மாவுக்குத் தலைவலி என்றால் சாரே காப்பி போட்டுக் கொடுப்பாராம். ரத்தினபாய் கேட்டது ஒன்றுதான். "ஒரு தடவை வாசலுக்கு வந்து என்னைப் பாருங்க. ஒரே ஒரு தடவை. நான் ஒண்ணும் அசிங்கமா இல்லைங்க, கண்ணாடில பாத்தேன்." வேதசிரோமணி, ஈஸ்டருக்குப் பார்க்கலாம் என்பார். ஈஸ்டர் வந்தால் கிறிஸ்துமஸ் என்பார். கிறிஸ்துமஸ் வேளையில் காலண்டர் வேலை குவிந்துவிடும்.

1974 நவம்பரில் ரத்தினபாய்க்குக் காய்ச்சல் வந்தது. இறந்ததும் அடக்கம் செய்ததும் மழையில். குடைகளுக்குக் கீழே ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத அளவுக்கு இருட்டு. பெட்டியில் இருந்தவர் முழுக்க ஊதாவாக இருந்ததை, மரணம் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் அவரோடு வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மழை விட்டதும் கன்னியம்மா வீட்டைக் கழுவ வந்தார். ஜன்னல் அட்டைகள் ஊறிப் பூஞ்சை பிடித்து நாறின. கேட்காமலே கிழித்தெறிந்தார். வெயில் உள்ளே விழுந்தது. பிறகு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குக் குரல் கொடுத்தார்.

"சார், இங்க வாங்க. அம்மா எங்கயும் போவல. நாக்காலில குந்தினுகீறாங்க."

ஏழு வருஷம் அந்த மஞ்சளின் ஓரம் மட்டுமே தெரிந்தது. மறைத்து நின்ற உடம்பு போனதால் இப்போது முழுவதும் தெரிந்தது: நெற்றி, கன்னம், மடியில் கோத்த கைகள், சேலையின் விசிறி மடிப்பு எல்லாம் ஒரே மஞ்சளில். வேதசிரோமணி வந்து நின்றார். மாதிரித் தாளைப் பார்க்கிற பழக்கத்தில் மேல் மூலையிலிருந்து தொடங்கி மெதுவாகக் கீழே வந்தார். ஒட்டிப் பார்க்க வேறு நிறம் இல்லாததால் அது எதிலிருந்தும் விலகியிருக்கவில்லை.

"சரியா இருக்கு, ரத்தினம்," என்றார். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைக் கழுவப் போனார், நாற்காலியை மட்டும் நகர்த்தாமல்.

அதிலிருந்து அந்த ஜன்னல் மூடப்படுவதில்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் வேறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பொழுது சாய்ந்தால் வேதசிரோமணி பல்பைப் போடாமல் கடையைக் கட்டிவிடுகிறார். துளசிங்கம் அனுப்பும் மாதிரித் தாள்களை அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, மஞ்சள் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறார். மழைக்காலத்தில் தாம்பரத்தில் கலர் வேலை தாமதமாகும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் அவசரப்படுத்துவதில்லை.